வைகைப் பாலங்களை அளப்பது யார் பொறுப்பு?

2022 டிசம்பர் 23ஆம் தேதி பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 1914இல் திறக்கப்பட்ட பாலம் அது. கப்பல்களுக்கு வழிவிட நடுவில் திறந்து மூடும் தூக்குப்பாலத்தில் பொருத்தியிருந்த உணரிகள் வழக்கத்துக்கு மாறான அதிர்வைக் காட்டின. அந்த உணரிகளைப் பொருத்தியவர்கள் சென்னை ஐஐடி பொறியாளர்கள். 2018 டிசம்பரில் அதே தூக்குப்பாலத்தில் விரிசல் கண்டு ரயில்கள் நிறுத்தப்பட்ட அனுபவத்துக்குப் பிறகு ரயில்வே அந்தப் பாலத்தைக் கண்ணால் பார்ப்பதோடு விட்டுவிடவில்லை. எச்சரிக்கை வந்ததும் ரயில்கள் மண்டபத்தோடு நிறுத்தப்பட்டன. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்படும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ராமேஸ்வரம் ரயில் இல்லாத ஊராக இருந்தது. பயணிகள் அவதிப்பட்டார்கள், வியாபாரிகள் நஷ்டப்பட்டார்கள், மனுக்கள் குவிந்தன. ஆனால், அந்தப் பாலத்தால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. தமிழ்நாட்டுப் பாலங்களின் வரலாற்றில் இது பெரிய செய்தி. நடக்காத விபத்து என்பதாலேயே அதைப் பெரிதாகப் பேசாமல் விட்டுவிட்டோம்.

இரண்டரை ஆண்டு கழித்து, 2025 ஜூலை 9 காலையில், குஜராத்தின் வடோதரா மாவட்டத்தில் மஹிசாகர் ஆற்றின் மேலிருந்த கம்பீரா பாலத்தின் ஒரு கண் அப்படியே இற்று விழுந்தது. மேலே போய்க்கொண்டிருந்த வண்டிகள் ஆற்றுக்குள் போயின. இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். 1985இல் கட்டிய பாலம். பாம்பனைவிட எழுபது ஆண்டு இளையது. அன்று வெள்ளமும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. பாலம் ஆடுகிறது, மூடுங்கள் என்று உள்ளூர் மக்கள் பிரதிநிதி ஒருவர் 2022லேயே எழுதிக் கொடுத்திருந்ததாகப் பிறகு செய்திகள் வந்தன. பாலம் விழுந்த அடுத்த சில நாட்களில் மாநிலமெங்கும் அவசர அவசரமாக ஆய்வு நடந்தது. பல பாலங்கள் மூடப்பட்டன. மூட வேண்டியவை என்று இத்தனை சீக்கிரம் கண்டுபிடிக்க முடிந்தவற்றை முந்தைய மாதமே கண்டுபிடித்திருக்க முடியாதா என்ற கேள்விக்கு நியாயமான பதில் எதுவும் கிடையாது.

இந்த இரண்டு பாலங்களுக்கும் இடையிலான வேறுபாடு வயதிலோ, பணத்திலோ இல்லை. ஒன்று அளக்கப்பட்டது, அளவு எல்லை மீறினால் நிறுத்தியே ஆக வேண்டிய கடமை ஒருவருக்கு இருந்தது. மற்றொன்றில் இரண்டுமே இல்லை. ரயில் பாலங்களுக்குப் பதிவேடு உண்டு. ஆண்டுதோறும் மழைக்காலத்தை ஒட்டிப் பார்வையிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் நிலை எண் எழுத வேண்டும் என்ற ஒழுங்கு உண்டு. சாலைப் பாலங்களுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நூல்கள் இருக்கின்றன. 2016இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தொடங்கிய பால மேலாண்மைப் பட்டியலும் இருக்கிறது. வழிகாட்டி நூலை மீறினால் தண்டனை இல்லை. பட்டியலில் ஒரு பாலம் மோசமான நிலையில் இருப்பதாகக் குறித்த பிறகு எத்தனை நாளில் யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் சட்டமும் இல்லை. முதுமை எய்திவரும் நம் சாலைப் பாலங்களுக்கு இன்று தேவைப்படுவது அந்தச் சட்டம்தான் என்பது என் வாதம். கருவிகள் அதற்குப் பின்னால் வர வேண்டியவை.

மதுரையிலிருந்து இதைப் பார்த்தால் விஷயம் கண்முன் வந்துவிடும். மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் வைகைக்கு வடகரையில் இருக்கிறது. அங்கிருந்து திருநெல்வேலிக்கோ, நாகர்கோவிலுக்கோ, ராஜபாளையத்துக்கோ புறப்படும் எந்தப் பேருந்தும் வைகையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பக்கத்துக் காய்கறிச் சந்தைக்கும் பூச் சந்தைக்கும் தெற்கிலிருந்து விடியுமுன் வந்து சேரும் சரக்கு வண்டிகளுக்கும் இதே கதைதான். அரசு ராஜாஜி மருத்துவமனையும் ஆட்சியர் அலுவலகமும் வடகரையில். ரயில் சந்திப்பும் மீனாட்சியம்மன் கோயிலும் பழைய நகரமும் தென்கரையில். இரு கரைகளையும் சேர்க்கும் சாலைப் பாலங்களில் மூத்தது ஏ.வி. பாலம். விக்டோரியா ராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டரின் பெயரில் 1889இல் திறக்கப்பட்ட வளைவுப் பாலம். மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் கணக்கிட்டுக் கட்டியதன் மேல் இன்று நகரப் பேருந்துகள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. இந்தியாவில் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானத்துக்கான முதல் நெறிமுறை 1962இல்தான் வந்தது. அதாவது, அப்படி ஒரு கணக்கு நாட்டில் எழுதப்படுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கோரிப்பாளையத்துக்கும் யானைக்கல்லுக்கும் இடையே இந்தப் பாலம் வந்துவிட்டது.

மதுரைக்கும் நிலநடுக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருந்துவரும் நில அதிர்வு வரைபடத்தில் மதுரை இரண்டாம் மண்டலத்தில், அதாவது குறைந்த ஆபத்துப் பகுதியில் இருக்கிறது. இமயமலை அடிவாரத்தையும் கட்ச் பகுதியையும் போல இங்கே அடிக்கடி நிலம் குலுங்குவதில்லை. ஆனால், ஆபத்து குறைவு என்பதை ஆபத்து இல்லை என்று படித்துப் பழகியதன் விலையை மகாராஷ்டிரத்தின் லாத்தூர் வட்டாரம் கொடுத்தது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை கில்லாரியில் 6.2 அளவில் நிலம் அதிர்ந்தபோது, அந்தப் பகுதி அப்போதைய வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில் இருந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர். அதற்கு முன் 1967இல் அதே மாநிலத்தின் கொய்னாவிலும் நிலம் அதிர்ந்தது. நம் பக்கத்திலேயே 1900 பிப்ரவரி 8 அன்று கோவையை மையமாகக் கொண்ட நிலநடுக்கம் தென்னிந்தியாவின் பெரும் பகுதியில் உணரப்பட்டது, அப்போது ஏ.வி. பாலத்துக்குப் பத்து வயது. சென்னையே 2002இல்தான் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. பூமிக்கு அடியில் எதுவும் மாறவில்லை. நம் அறிவுதான் மாறியது.

நிலநடுக்கத்தில் பாலம் பெரும்பாலும் நொறுங்கி விழுவதில்லை. தூணின் மேல் உட்கார்ந்திருக்கும் உத்திரம் அதன் இருக்கையிலிருந்து நழுவுகிறது. உத்திரத்துக்கும் தூணுக்கும் இடையில் பேரிங் என்ற தாங்கி இருக்கும்; வெயிலில் பாலம் விரிவதற்கும் குளிரில் சுருங்குவதற்கும் அது இடம் கொடுக்க வேண்டும். தூசியும் துருவும் ஏறி அது இறுகிப்போனால் பாலம் சாதாரண நாட்களிலேயே தன் தூணைத் தானே இழுக்கத் தொடங்கும். கொஞ்சம் பலமான அதிர்வு வந்தால் அந்த இறுக்கம் எங்காவது உடைய வேண்டும். 1991இல் உத்தரகாசி நிலநடுக்கத்தில் கவானா பாலம் விழுந்து மலையூர்களுக்கு நிவாரணம் போகும் வழி அடைபட்டது. 2001இல் புஜ் நிலநடுக்கத்தின்போது கட்ச் பகுதியை சௌராஷ்டிரத்தோடு இணைக்கும் சூரஜ்பாரி பாலம் சேதமடைந்தது. நிலநடுக்கத்துக்குப் பிந்தைய முதல் சில மணி நேரத்தில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஆம்புலன்ஸ் எந்தப் பாலத்தின் மேல் போகலாம்? கலிபோர்னியாவின் போக்குவரத்துத் துறைக்கு நிலநடுக்கம் வந்த சில நிமிடங்களில், எந்தெந்தப் பாலத்தை முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் கணினியிலிருந்து தானாக வந்துவிடும். மதுரையில் ஒரு நள்ளிரவில் வீடுகள் குலுங்கினால், ஏ.வி. பாலத்தைத் திறந்துவைப்பதா மூடுவதா என்று எதை வைத்து முடிவெடுப்பது?

அந்த ஒரு நள்ளிரவுக்காக இவ்வளவு செலவா என்பது அடுத்த ஆட்சேபம். இங்கேதான் விஷயம் இன்னும் கனக்கிறது. 1977 முதல் 2017 வரை இந்தியாவில் செயலிழந்த 2,130 பாலங்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 80 சதவீதப் பாலங்கள் இயற்கைச் சீற்றங்களால், அதிலும் முக்கியமாக வெள்ளத்தால், வீழ்ந்தவை என்கிறது. கட்டுமானப் பொருள் நைந்துபோனதால் வீழ்ந்தவை சுமார் 10 சதவீதம். மிகைப்பாரத்தால் வீழ்ந்தவை 3 சதவீதத்தைச் சற்றே தாண்டும். வீழ்ந்தபோது அவற்றின் சராசரி வயது முப்பத்தைந்தைக்கூட எட்டவில்லை. நூறாண்டு நிற்க வேண்டியவை நடுவயதில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. நிலநடுக்கத்துக்கென்று பொருத்தும் அதே உணரிதான் வெள்ளம் தூணைச் சாய்ப்பதையும் சொல்லும், துரு உத்திரத்தை அரிப்பதையும் சொல்லும், அளவுக்கு மீறிய பாரத்தையும் சொல்லும். எப்போதாவது வரக்கூடிய ஒன்றுக்காகச் செய்யும் ஏற்பாடு ஆண்டுதோறும் வரும் ஒன்றிலிருந்து காப்பாற்றும் என்றால், அதை வீண் செலவு என்று தள்ள முடியாது.

வெள்ளம் பாலத்தை எப்படிக் கொல்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஓடிவரும் நீர் தூணில் மோதியதும் ஒரு பகுதி கீழ்நோக்கிப் பாய்கிறது. தூணின் அடியைச் சுற்றிச் சுழன்று மணலைத் தோண்டி எடுக்கிறது. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது குழியும் உச்ச ஆழத்தில் இருக்கும். வெள்ளம் வடியும்போது அதே ஆறு மேலிருந்து கொண்டுவரும் மணலை அந்தக் குழியில் கொட்டி மூடிவிடும். பத்து நாள் கழித்துப் பொறியாளர் வந்து பார்த்தால் சமதளமான மணல்தான் தெரியும். தூணைப் பிடித்துக்கொண்டிருந்த இறுகிய மண் போய், இளக்கமான மணல் வந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. 2016 ஆகஸ்ட் 2 இரவு மகாராஷ்டிரத்தின் மஹாட் அருகே சாவித்ரி ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் போனது. 1928இல் கட்டிய கல் வளைவுப் பாலம். இரண்டு அரசுப் பேருந்துகளும் ஒரு காரும் இருட்டில் ஆற்றுக்குள் விழுந்தன. நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். அந்தப் பாலத்தை அதே ஆண்டு மே மாதத்தில்தான் ஆய்வு செய்து, போக்குவரத்துக்குத் தகுதியானது என்று சான்று தந்திருந்தார்கள். ஆய்வு செய்தவர் கடமை தவறினார் என்று சொல்லிவிடுவது எளிது. கோடையில் கண்ணால் பார்க்கும் ஆய்வு, ஆடியில் நீருக்கடியில் நடக்கப்போவதைச் சொல்ல முடியாது என்பதே உண்மை. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 1956 நவம்பரில் அரியலூரில் மருதையாற்று வெள்ளம் ரயில் பாலத்தை அரித்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலகினார்.

வைகை ஆண்டின் பெரும் பகுதி வறண்டு கிடக்கும் ஆறு. பாலங்களைக் கவனிப்பவர்களுக்கு அது ஒரு மயக்கம், ஒரு வாய்ப்பும்கூட. மணல் தெரியும் ஆற்றைப் பார்த்தால் ஆபத்து இருப்பதாகத் தோன்றாது. பல்லாண்டு மணல் கொள்ளையில் படுகை தாழ்ந்திருந்தால், தூண்களின் அடித்தளம் கட்டியவர் நினைத்ததைவிட வெளியே வந்திருக்கும். அணை திறந்து வெள்ளம் வரும் ஒரு நாளில்தான் அதன் விளைவு தெரியும். ஆனால், காவிரி, கொள்ளிடம் போலல்லாமல் இங்கே ஏழெட்டு மாதம் ஆற்றுக்குள் இறங்கி ஒவ்வொரு தூணின் அடியையும் தோண்டிப் பார்க்க முடியும். படகோ, மூழ்குநரோ தேவையில்லை. கோடைதோறும் அடித்தள ஆழத்தை அளந்து எழுதுவதும், தூண்களின் தலையில் சாய்மானத்தைக் காட்டும் சிறு கருவிகளைப் பொருத்துவதும் மதுரைக்குக் கட்டுப்படியாகாத செலவல்ல. திருச்சியில் 1928ஆம் ஆண்டின் பழைய கொள்ளிடப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சாய்ந்து விழுந்தபோது யாரும் இறக்கவில்லை. பக்கத்தில் புதிய பாலம் வந்து, பழையதில் வாகனங்கள் நிறுத்தப்பட்டிருந்ததே காரணம். ஏ.வி. பாலத்தில் வாகனங்கள் இன்றும் ஓடுகின்றன.

அளப்பது என்றால் என்ன? எந்தப் பாலத்துக்கும் இயல்பான ஓர் அதிர்வு உண்டு. பேருந்து ஒன்று கடந்து போன பிறகு பாலம் விநாடிக்கு எத்தனை முறை அதிர்ந்து அடங்குகிறது என்பது அதன் விறைப்பையும் எடையையும் பொறுத்தது. எடை மாறாமல் விறைப்பு பத்து சதவீதம் குறைந்தால் அதிர்வெண் ஏறத்தாழ ஐந்து சதவீதம் இறங்கும். விரிசல், அரிப்பு, இறுகிய பேரிங் ஒவ்வொன்றும் இந்த எண்ணில் ஒரு மாற்றத்தைக் காட்டும். எனவே, முதலில் வேண்டியது பாலம் நன்றாக இருக்கும்போது எடுத்துவைத்த அளவு. நெஞ்சுவலியோடு வந்தவரின் இசிஜியைப் பார்க்கும் மருத்துவர் பழைய இசிஜி இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் இது. பழையது இல்லாவிட்டால் புதியதில் தெரியும் கோணல் பிறவியிலேயே இருந்ததா, நேற்று வந்ததா என்று சொல்ல முடியாது. நிலநடுக்கம் வந்த பிறகு கருவி வாங்கினால் பாலம் முன்னால் எப்படி இருந்தது என்பதை எந்தக் காலத்திலும் அறிய முடியாது. கில்லாரியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்: குறைந்த ஆபத்துப் பகுதியில் இருப்பவர்களுக்குத்தான் அடிப்படை அளவை எடுத்துவைக்க அவகாசம் கிடைத்திருக்கிறது.

உணரிகள் பொய் எச்சரிக்கை தரும், ஒவ்வொரு முறையும் பாலத்தை மூடினால் ஊர் என்னாவது என்று அனுபவமுள்ள பொறியாளர்களே கேட்கிறார்கள். அவர்கள் கவலை வெறும் சாக்கு அல்ல. சுவிட்சர்லாந்தில் இடிக்கப்படவிருந்த இசட்24 என்ற பாலத்தை 1997 இறுதியிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு தொடர்ந்து அளந்து, கடைசியில் வேண்டுமென்றே அதைச் சிறிது சிறிதாகச் சேதப்படுத்திப் பார்த்தார்கள். குளிரில் சாலைத் தார் உறைந்து இறுகியபோது அதிர்வெண்ணில் ஏற்பட்ட மாற்றம், சேதத்தால் வந்த மாற்றத்தையே மறைத்துவிடும் அளவு பெரிதாக இருந்தது. மதுரையில் உறைபனி இல்லை; ஆனால், சித்திரை வெயிலுக்கும் மார்கழிக் காலைக்கும் இடையில் பாலம் படும் பாடு கொஞ்சமல்ல. இதற்கு விடை அளக்காமல் இருப்பதில் இல்லை. ஓராண்டு முழுவதும் வெப்பநிலையோடு சேர்த்து அளந்து, எந்த வெயிலுக்கு எந்த எண் இயல்பு என்று தெரிந்துகொள்வதில் இருக்கிறது. பொய் எச்சரிக்கை அப்போது குறையும். குறைந்த பிறகும் ஒன்றிரண்டு வரத்தான் செய்யும். ஒரு நாள் தவறாக மூடிய பாலத்தை மறுநாள் திறந்துவிடலாம்.

எண் கையில் இருந்தும் முடிவெடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இத்தாலியின் ஜெனோவா சாட்சி. 2017இல் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வல்லுநர்கள் அங்கிருந்த மொராண்டி பாலத்தின் இழுவிட்டங்களில் இயல்பு மீறிய அதிர்வைக் கண்டு, நிரந்தரக் கண்காணிப்பு அமைப்பைப் பொருத்தும்படி பரிந்துரைத்தார்கள். அது நடக்கவில்லை. 2018 ஆகஸ்ட் 14 அன்று பாலம் விழுந்து 43 பேர் இறந்தார்கள். அறிக்கை இருந்தது, வல்லுநர் இருந்தார், பணமும் இருந்தது. இந்த எண் இந்த எல்லையைத் தொட்டால் இன்னார், இத்தனை மணி நேரத்தில், யாரையும் கேட்காமல் பாலத்தை மூட வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. நம் ஊரில் கருவி வாங்குவது எளிது. ஒப்பந்தப்புள்ளி கோரினால் ஆறு மாதத்தில் வந்துவிடும். கோட்டப் பொறியாளர் ஒருவர் பேருந்துகளை நிறுத்தச் சொன்னால் அவருக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை நினைத்துப் பார்த்தால், சட்டத்தின் துணை ஏன் அவருக்குத் தேவை என்று புரியும். அந்த அதிகாரி தனி மனிதராகத் துணிச்சல் காட்ட வேண்டிய நிலையில் அவரை நிறுத்துவது நியாயமே இல்லை.

இத்தகைய சட்டத்துக்கு முன்மாதிரி தேடி எங்கும் போக வேண்டாம். வைகை அணையே முன்மாதிரி. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், உரிய உயரமுள்ள எல்லா அணைகளையும் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கட்டாயம் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது. வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் சிறப்பு ஆய்வு வேண்டும் என்கிறது. கருவிகள் பொருத்தி, அளவுகளைப் பதிந்து, மாநில அமைப்புக்கு அனுப்பச் சொல்கிறது. தவறினால் தண்டனை உண்டு. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. அதே அணையிலிருந்து திறந்துவிடும் நீர் மோதுகிற மதுரைப் பாலங்கள் எந்தச் சட்டத்துக்குள்ளும் வரவில்லை. முல்லைப் பெரியாறு அணையின் உறுதியை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோய், வல்லுநர் குழுக்களை வைத்து அளந்து, அளவுகளை எல்லோர் முன்னாலும் வைத்து வாதாடிய ஊர் இது. நிலநடுக்கம் வந்தால் அணை என்னாகும் என்ற கேள்வியை ஐந்து மாவட்ட விவசாயிகள் விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். அந்த விவசாயிகள் மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வரும் பாலத்தைப் பற்றி அதே கேள்வியைக் கேட்க ஒரு தாள்கூட அவர்கள் கையில் இல்லை.

அளவுகளை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள் என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் காரணம். வைகை அணையின் நீர்மட்டம் அன்றாடம் நாளிதழில் வருகிறது. 71 அடியை நெருங்கும்போது முதல், இரண்டாம், மூன்றாம் எச்சரிக்கை என்று அறிவிக்கிறார்கள். கரையோர மக்கள் பீதியில் ஓடுவதில்லை. மாடு கன்றை மேட்டுக்கு ஓட்டிப்போகிறார்கள். விவரம் தெரிந்த மக்களைவிட விவரம் மறைக்கப்பட்ட மக்கள்தான் வதந்திக்கு எளிதில் இரையாவார்கள். பாலத்தின் நுழைவில் ஒரு பலகை: கட்டிய ஆண்டு, கடைசியாக ஆய்வு செய்த தேதி, நிலை எண், பொறுப்பான பொறியாளரின் பதவி. இதை எழுதிவைக்கப் பெயிண்ட் செலவு மட்டும்தான்.

பழையதை அளந்துகொண்டிருப்பதைவிடப் புதிதாகக் கட்டிவிடலாமே என்ற யோசனைக்கு ஆதரவு அதிகம். அடிக்கல் நாட்டு விழா நடத்தலாம், அளவெடுப்புக்கு விழா எடுக்க முடியாது. புதியது தானாகவே உறுதியாகிவிடாது என்பதை மதுரை தன் கண்ணால் பார்த்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 28 அன்று நத்தம் சாலையில் கட்டப்பட்டுவந்த மேம்பாலத்தின் ஒரு பகுதி சரிந்து, வேலைக்கு வந்திருந்த வடமாநிலத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். 2024 டிசம்பரில் திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையின் குறுக்கே திறந்து மூன்று மாதமே ஆன உயர்மட்டப் பாலம் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் அடித்துப் போனது. மாறாக, 1976ஆம் ஆண்டின் திருச்சி காவிரிப் பாலத்தை 2022 செப்டம்பர் முதல் அடுத்த மார்ச் வரை மூடி, தேய்ந்த பேரிங்குகளையும் இணைப்புகளையும் மாற்றித் திறந்தார்கள். ஊர் ஆறு மாதம் சிரமப்பட்டது. பாலத்துக்கு ஆயுள் கூடியது. பழையதை அகற்றுவதற்குக்கூட அதைப் பற்றிய அறிவு வேண்டும். மாட்டுத்தாவணியில் 1981 உலகத் தமிழ் மாநாட்டின் நினைவாக நின்ற நக்கீரர் தோரண வாயிலை 2025 பிப்ரவரியில் இடித்தபோது, தூண் சரிந்து விழுந்து இயந்திரம் ஓட்டியவர் மாண்டார். நாற்பத்து நான்கு ஆண்டு நின்ற கட்டுமானம் எந்தப் பக்கம் பலவீனமாக இருக்கிறது என்று தெரியாமல் அதைத் தொட்டதன் விலை ஒரு குடும்பத்தின் தலையில் விழுந்தது.

மதுரைப் பாலங்களுக்கென்றே ஒரு தனிச் சோதனையும் உண்டு. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் விடியலில் லட்சக்கணக்கான மக்கள் ஆற்றிலும் கரையிலும் பாலங்களிலும் நிற்கிறார்கள். சாலைக் காங்கிரஸ் நெறிமுறை சாதாரணப் பாலத்தின் நடைபாதைக்குச் சதுர மீட்டருக்கு 400 கிலோ பாரம் என்று கணக்கிடச் சொல்கிறது; யாத்திரைத் தலங்களிலும் பெருந்திருவிழா நடக்கும் ஊர்களிலும் 500 கிலோ. ஒரு சதுர மீட்டரில் ஏழெட்டுப் பேர் நெருக்கி நிற்கும் கணக்கு அது. ஓடும் பேருந்துகளுக்கு இடையில் இடைவெளி இருக்கும்; நிற்கும் கூட்டத்தில் இருக்காது. 2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தின் மோர்பியில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொங்குபாலம் கூட்டத்தின் கனத்தில் அறுந்து 135 பேர் இறந்தார்கள். பழுதுபார்ப்பு முடிந்து திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கல் வளைவுப் பாலம் தொங்குபாலம் போல் அறுந்துவிடாது. அதன் பலமே அமுக்கத்தைத் தாங்குவதுதான். ஆனாலும் ஆண்டுக்கு ஒரு முறை, தேதி முன்கூட்டியே தெரிந்து, இவ்வளவு பெரிய பாரம் வரும் பாலம் உலகில் அதிகம் இருக்காது. முதல் நாள் வெறும் பாலத்தில், திருவிழா நேரத்தில், மறுநாள் காலை மீண்டும் வெறும் பாலத்தில் என மூன்று முறை அளந்தால், வேறு ஊர்களில் மணல்மூட்டை ஏற்றிச் செய்யும் பாரச் சோதனை இங்கே தானாக நடந்துவிடும்.

இதற்கான ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள். 1965இல் தொடங்கப்பட்ட கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் சென்னை தரமணியில் இயங்குகிறது. பாம்பன் அனுபவம் சென்னை ஐஐடியிடம் இருக்கிறது. மதுரையிலேயே தியாகராசர் பொறியியல் கல்லூரியும் அண்ணா பல்கலைக்கழக வளாகமும் இருக்கின்றன. மாநில நெடுஞ்சாலைத் துறை, மாநகராட்சி, தேசிய நெடுஞ்சாலை ஆணையம் மூன்றும் சேர்ந்து வைகையின் எல்லாப் பாலங்களுக்கும் ஒரே பதிவேடு வைக்க உடன்பட்டாலே பாதி வேலை முடிந்தது. அணைச் சட்டத்தின் மாதிரியில் பாலப் பாதுகாப்புக்கு மாநிலச் சட்டம் ஒன்றைச் சட்டமன்றத்தில் கொண்டுவருவது மீதிப் பாதி. அதற்குள் செய்ய வேண்டிய அவசர வேலை ஒன்று உண்டு. கோரிப்பாளையம் மேம்பாலத் திட்டத்தில் ஏ.வி. பாலத்தை ஒட்டியே வைகையின் குறுக்கே புதிய பாலம் எழுப்பப்படுகிறது. பக்கத்தில் அடித்தளம் இறக்கிய அதிர்வைப் பழைய வளைவுகள் எப்படித் தாங்கின என்று அறியவும், புதிய பாலம் போக்குவரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முதல் வாரத்திலேயே பழையதைச் சில நாள் வெறுமையாக்கி ஒவ்வொரு கண்ணையும் ஒவ்வொரு தூணடியையும் முழுதாக அளக்கவும் இதைவிட நல்ல நேரம் அமையாது. அந்த அளவெடுப்புக்கான பணமும் பொறுப்பும் யாருடையவை என்பதை நெடுஞ்சாலைத் துறை இப்போதே எழுத்தில் அறிவிக்க வேண்டும்.